புரோபயாட்டிக் வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள நுண்ணுயிர்களைத்தான் புரோபயாட்டிக் என்கிறோம். மெடிக்கலில் போய் "புரோபயாட்டிக் கொடுங்க" என்று கேட்டால் கேப்சூல், பொடி பாக்கெட், குட்டிப் பிளாஸ்டிக் குப்பி என்று ஏதோ ஒன்று கைக்கு வரும். எதை எடுப்பது? உள்ளே இருக்கும் நுண்ணுயிர் எது, அது உயிரோடு நம் குடல் வரைக்கும் போய்ச் சேருமா, இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அட்டையில் வெறும் "லாக்டோபேசில்லஸ்" என்று பாக்டீரியாவின் குடும்பப் பேரை மட்டும் போட்டிருந்தால் வாங்காதீர்கள். ஊர்ப் பேரை மட்டும் வைத்து ஆளைத் தேடுகிற கதை அது. "லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி" என்று கடைசி எழுத்து வரை இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு வகையில் கண்ட பலன் அதன் பங்காளிக்கும் இருக்கும் என்று சொல்ல முடியாது. (2020-ல் பேரை மாற்றியதால் புது அட்டைகளில் லாக்டிகேசிபேசில்லஸ் என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றே.) எத்தனை கோடி நுண்ணுயிர் என்ற கணக்கு காலாவதி நாள் வரைக்குமா, தயாரித்த அன்றைக்கு மட்டுமா என்றும் பாருங்கள்.

அப்புறம் வெயில். லாக்டோபேசில்லஸ் வகைகளுக்குச் சூடும் ஈரமும் ஆகாது. ஃபிரிட்ஜில் வைக்கச் சொல்லும் மருந்தைக் கடைக்காரர் வெளி அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பேசில்லஸ் கிளாசி என்ற பாக்டீரியா அப்படியில்லை, கெட்டியான ஓட்டுக்குள் ஸ்போராக உறங்குவதால் அறை வெப்பத்தையும் வயிற்று அமிலத்தையும் தாங்கும். 5 மி.லி. குப்பியில் 200 கோடி ஸ்போர் வருகிறது. அடியில் தங்கியிருக்கும், நன்றாகக் குலுக்கிவிட்டுக் கொடுங்கள்.

ஆன்டிபயாட்டிக் சாப்பிடும்போது வயிறு போகிறது என்றால் எனக்குப் பிடித்தது சாக்கரோமைசிஸ் பவுலார்டி. அது ஈஸ்ட், பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. பூஞ்சைக்கான மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மட்டும் அது வீண். பாக்டீரியா வகை என்றால் ஆன்டிபயாட்டிக்குக்கும் அதற்கும் நடுவே 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

என் பையனுக்கு வயிறு போனபோது அம்மா பாசமாக, ஆவி பறக்கும் பாலில் புரோபயாட்டிக் பொடியைக் கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மூன்று நாள் கழித்துத்தான் பார்த்தேன், அத்தனை பாக்கெட்டும் பாழ். ஆறின தண்ணீரிலோ தயிரிலோ கலந்து உடனே கொடுத்துவிட வேண்டும். வயிற்றுப்போக்கென்றால் ஓ.ஆர்.எஸ். முதலில், இதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

குறைமாதக் குழந்தை, கீமோ எடுக்கிறவர், கழுத்திலோ மார்பிலோ பெரிய ரத்த நாளத்தில் குழாய் போட்டிருப்பவர் வீட்டில் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்காதீர்கள். அபூர்வமாக இந்த நுண்ணுயிரே ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகியிருக்கிறது.