மண்கல் அரிவது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

மண்கல் என்றால் சூளையில் சுடாமல், காயவைத்தே கட்டும் கல்; அதை அச்சில் வார்ப்பதைத்தான் அரிவது என்கிறோம். வன்னியில் இதற்கு வைகாசி முதல் ஆவணி வரை நல்ல காலம். காலபோக (மாரிமழைப் போகம்) நெல் வெட்டு முடிந்து வைக்கோலும் கையில் இருக்கும். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அரிந்த கல்லெல்லாம் திரும்பச் சேறுதான்.

முதலில் மண். வேரும் சருகும் கலந்த மேல்மண்ணை அரை முழத்துக்கு ஒதுக்கிவிட்டு, கீழே உள்ள செம்மண்ணை எடுங்கள். பழைய புற்றுமண் கிடைத்தால் விடாதீர்கள், நன்றாக ஒட்டும். மன்னார் முருங்கன் பக்கத்துக் கருங்களி மட்டும் தனியாக வேண்டாம். நனைந்தால் பொருமும், காய்ந்தால் பிளக்கும்.

மண்ணைச் சோதிக்க ஒரு கண்ணாடிப் போத்தல் போதும். பாதிக்கு மண், மிச்சத்துக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. நன்றாகக் குலுக்கி ஆடாமல் வையுங்கள். மணல் உடனே அடியில் இறங்கும், அதன்மேல் வண்டல், கடைசியாகக் களி. மறுநாள் படைபடையாகத் தெரியும். களி ஐந்தில் ஒரு பங்கு இருந்தால் சரி. மூன்றில் ஒன்றைத் தாண்டினால் மணல் சேர்க்க வேண்டும்.

பின்னேரம் மண்ணை நனைத்து ஊறவிடுங்கள். காலையில் விரல் நீளத்துக்கு வெட்டிய வைக்கோலைத் தூவி, காலால் மிதித்துக் குழையுங்கள். இடியப்ப மாவைப் போல இறுக்கமாக இருக்கட்டும். தண்ணீர் கூடினால் அச்சைத் தூக்கியதும் கல் சரிந்துவிடும்.

12 அங்குல நீளம், 6 அகலம், 4 உயரத்தில் ஒரு மர அச்சு அடியுங்கள். அதை நனைத்து, மணல் தூவிய சமதரையில் வைத்து, மண்ணை ஓங்கிப் போட்டு மூலைகளைக் கையால் அழுத்துங்கள். மேலே வழித்துவிட்டு அச்சை நேராகத் தூக்குங்கள்.

அப்புறம் உலர்த்தல். அவசரப்பட்டால் கெடுவது இங்கேதான். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும்; அதனால்தான் வெடிக்கிறது. முதல் இரண்டு நாளும் கிடுகால் மூடி வையுங்கள். கை பதியாத அளவுக்கு இறுகியதும் பக்கவாட்டில் நிமிர்த்துங்கள். ஒரு கிழமை கழித்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மூன்று நான்கு கிழமை காயட்டும். ஒரு கல்லை உடைத்துப் பாருங்கள்: நடுவில் நிறம் கறுத்திருந்தால் இன்னும் ஈரம்.

கட்டும்போது சாந்தும் இதே மண்தான், வைக்கோல் இல்லாமல். ஆனால் அத்திவாரம் கருங்கல்லில், நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயரட்டும். கூரைத் தாழ்வாரத்தையும் நன்றாக வெளியே இழுத்துவிடுங்கள். மண்சுவரை முதலில் அரிப்பது அடியில் தெறிக்கும் மழைநீர். முதல் வேலைக்கு வீடு வேண்டாம், ஒரு குசினிச் சுவர் போதும்.