குயிஞ்சியின் நிலவொளியை அக்ரிலிக்கில் தீட்டுவது எப்படி?

1880-ஆம் ஆண்டில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஓவியர் ஆர்க்கிப் குயிஞ்சி ஒரே ஓர் ஓவியத்தை மட்டும் வைத்து ஒரு கண்காட்சி நடத்தினார். சன்னல்களைத் திரையிட்டு மூடி, 'தினீப்பர் ஆற்றின் மீது நிலவொளி இரவு' என்ற அந்த ஓவியத்தின் மேல் மட்டும் விளக்கொளி விழும்படி செய்திருந்தார். வரிசையில் காத்திருந்து உள்ளே வந்தவர்களில் சிலர், கேன்வாஸுக்குப் பின்னால் விளக்கு ஏதும் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததாகச் சொல்வார்கள். உக்ரைனின் மரியுபோல் நகரில், செருப்புத் தைக்கும் கிரேக்க வம்சாவளித் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, புகைப்பட நிலையத்தில் படங்களுக்கு ரீடச்சிங் (குறைகளைத் திருத்தி மெருகேற்றும் வேலை) செய்து பிழைத்தவர் அவர். நிழலும் ஒளியும் எந்த அளவில் கலக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேதான் அவருக்குப் பிடிபட்டிருக்க வேண்டும் என்பது என் ஊகம். அந்தக் கணக்கைத்தான் இங்கே பழகப் போகிறோம்.

தேவையான பொருட்கள் அதிகமில்லை. 30 × 40 செ.மீ. கேன்வாஸ், ஒரு தட்டைத் தூரிகை, ஒரு மெல்லிய தூரிகை, அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு), விரிடியன் பச்சை, லெமன் மஞ்சள், ஆரஞ்சு, டைட்டானியம் வெள்ளை ஆகியவை போதும். கறுப்பு டியூப் வேண்டாம். நீலத்தையும் அம்பரையும் கலந்தாலே உயிருள்ள கருமை கிடைக்கும். நீலம் கூடினால் அது குளிர்ச்சியாகவும், அம்பர் கூடினால் வெதுவெதுப்பாகவும் மாறும்.

முதல் படியாக, அடிவானக் கோட்டைப் பாதிக்கும் கீழே போடுங்கள். குயிஞ்சி உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் காட்சியை அமைத்து, வானத்துக்கே பெரும்பங்கு இடம் கொடுத்தார். நிலா அமையும் இடத்தையும் ஆறு ஓடும் பாதையையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, மற்ற இடம் முழுவதையும் கருமையால் நிரப்புங்கள். வானத்தில் நீலமும் பச்சையும் மேலோங்கட்டும். கரையில் அம்பர் மேலோங்கட்டும். அக்ரிலிக் காய்ந்ததும் சற்று இருண்டுவிடும் என்பதால், நினைத்ததைவிட ஒரு ஷேடு வெளிறக் கலப்பது நல்லது.

இரண்டாவது படியில்தான் தொடங்குபவர்கள் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். கரையிலுள்ள குடிசைகளையும் காற்றாலையையும் இலை, ஓலை, கதவு என்று விவரமாக வரையத் தோன்றும். அதைச் செய்யக் கூடாது. குயிஞ்சி கிட்டத்தட்ட எல்லாவற்றையும் பெரிய தட்டையான நிழலுருவங்களாகச் சுருக்கிவிட்டார். அவரிடம் படித்து, பிற்காலத்தில் நமது குல்லு பள்ளத்தாக்கில் குடியேறிய நிக்கோலாய் ரோரிக்கின் இமயமலை ஓவியங்களிலும் இதே பாணியைக் காணலாம். ஒரு குடிசைச் சன்னலில் மட்டும் ஆரஞ்சில் சிறு புள்ளி வையுங்கள். அந்த வெதுவெதுப்பான புள்ளி, ஆற்றின் குளிர்ந்த பச்சையை இன்னும் குளிர்ச்சியாகக் காட்டும்.

அடுத்து மேகங்கள். நிலாவைச் சுற்றி வெள்ளையும் நீலமும் கலந்த சாம்பல் நிறத்தை மெல்லியதாக, ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தேய்த்து, வெளியே போகப் போகக் கருமையில் கரைத்துவிடுங்கள். இங்கே தூய வெள்ளையைத் தொடவே கூடாது.

கடைசியில் நிலாவையும் ஆற்றின் மினுக்கத்தையும் தீட்டுங்கள். வெள்ளையில் துளி லெமன் மஞ்சள் சேர்த்து, பட்டாணி அளவே உள்ள நிலாவைக் கெட்டியாக வையுங்கள். அதே கலவையில் விரிடியன் சேர்த்து, ஆற்றில் படுக்கைவாட்டாகச் சிறு கீற்றுகளைப் போடுங்கள். நிலாவுக்கு நேர் கீழே நெருக்கமாகவும், விலக விலக இடைவெளி விட்டும் அவை அமைய வேண்டும். ஆறு எந்த இடத்திலும் நிலாவைவிடப் பிரகாசமாக இருக்கக் கூடாது.

வண்ணங்களின் தரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். குயிஞ்சி பயன்படுத்திய சில வண்ணங்களில் தார் போன்ற அஸ்பால்ட் இருந்ததால், அந்தப் புகழ்பெற்ற ஓவியமே காலப்போக்கில் இருண்டுவிட்டது.

காய்ந்தபின் ஓவியத்தைக் கைப்பேசியில் படம் பிடித்து, கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிலா முதலாவதாகவும், ஆறு அடுத்ததாகவும் கண்ணில் பட்டால் டோன், அதாவது ஒளி-இருள் அளவு, சரியாக அமைந்திருக்கிறது. நிலா மங்கலாகத் தெரிந்தால் அதன் மேல் மேலும் வெள்ளையை அப்பாமல், சுற்றியுள்ள மேகங்களின் மேல் நீலமும் அம்பரும் கலந்த நீர்த்த பூச்சை ஒருமுறை ஓட்டிவிட்டு, அது நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி படம் எடுத்துப் பாருங்கள்.