சரிசெய்வதா, மாற்றுவதா? வீட்டுச் சாதனம் பழுதானால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் ஒரு சாதனம் நின்றுபோனால் நம்மில் பலர் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். எந்தப் பாகம் பழுதானது, அது ஏன் பழுதானது என்ற இரண்டுக்கும் விடை தெரிவதற்கு முன்பே, பழுதுபார்க்கும் கூலியையும் புதிய சாதனத்தின் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுத்துவிடுகிறோம். மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இந்த அவசரத்திலிருந்தே பிறக்கின்றன. சென்னையில் கடற்காற்றும், உப்பேறிய போர்வெல் தண்ணீரும், ஏறி இறங்கும் மின்னழுத்தமும் சாதனங்களை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கின்றன. பழையதைக் கெடுத்த காரணம் வீட்டிலேயே இருக்கும்போது, புதியதை வாங்கி அதே இடத்தில் வைத்தால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

சிறு பாகத்தின் பழுதைச் சாதனத்தின் முடிவாக எண்ணுவது பரவலான தவறு. மின்விசிறி மெதுவாகச் சுற்றினால் பெரும்பாலும் கெபாசிட்டர் வலுவிழந்திருக்கும். மிகக் குறைந்த விலைப் பாகம் அது. மிக்ஸி திடீரென நின்றால் அடிப்பகுதியில் உள்ள ஓவர்லோட் பொத்தானை அழுத்திப் பார்க்க வேண்டும். அதற்கும் ஓடாவிட்டால் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மோட்டார் ஓடியும் ஜாருக்குள் பிளேடு சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் கப்ளர் தேய்ந்திருக்கும். வாஷிங் மெஷினில் தண்ணீர் வெளியேறாமல் நின்றால், வடிகால் வடிகட்டியில் நாணயமோ ஊக்கோ சிக்கியிருக்கிறதா என்று முதலில் பார்க்கலாம். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர் திட்டத்தில் வந்த சாதனங்களைக்கூட, இப்படிச் சிறு பாகங்களை மாற்றியே இன்றும் பயன்படுத்தும் வீடுகள் உண்டு. உதிரிபாகம் கிடைக்காது என்று சொல்லப்பட்டால், மின்னணுப் பாகமாக இருக்கும்பட்சத்தில் சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில் ஒருமுறை விசாரித்துவிட்டு அதை நம்புவது நல்லது.

ஏ.சி.யில் நடக்கும் தவறுதான் பணத்தை அதிகம் விழுங்குகிறது. குளிர் குறைந்தவுடன் "கேஸ் தீர்ந்துவிட்டது" என்று ஒவ்வொரு கோடையிலும் கேஸ் நிரப்பிக்கொள்ளும் குடும்பங்கள் ஏராளம். ஏ.சி.யின் கேஸ் எரிந்து தீரும் எரிபொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றுதான் பொருள். நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பும் கேஸ் மறுபடியும் வெளியேறிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், பட்டினப்பாக்கம் போன்ற கடலோரப் பகுதிகளில் வெளி யூனிட்டின் காயிலை, அதாவது கேஸ் ஓடும் குழாய்ச் சுருளை, உப்புக்காற்று அரித்துவிடுகிறது. ஓரிடத்து இணைப்பில் மட்டும் கசிவு என்றால் அதை அடைத்துப் பயன்படுத்துவதே சரி. காயில் முழுவதும் அரித்துப்போயிருந்து, ஏ.சி.யும் ஆர்-22 கேஸில் ஓடும் பழைய மாடலாக இருந்தால் அதில் பணம் போட வேண்டாம். மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி அந்த கேஸின் உற்பத்தி 2030-ஐ நோக்கிப் படிப்படியாகக் குறைக்கப்பட்டு வருகிறது. புதியது வாங்கும்போது அரிப்பைத் தாங்கும் பூச்சுள்ள காயிலா என்று கேட்டு வாங்க வேண்டும். ஒரு வகை கேஸுக்கான ஏ.சி.யில் வேறொன்றை நிரப்பச் சம்மதிக்கவே கூடாது. அதிலும் இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றும் தன்மை உடையது.

பழுதுச் செலவு புதிய விலையில் பாதியைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்றொரு கணக்கு புழக்கத்தில் இருக்கிறது. தொடக்கக் கணக்காக அது உதவும், ஆனால் அதை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு. மூன்று ஆண்டே ஆன வாஷிங் மெஷினின் மின்னணு போர்டுக்குப் பெரிய தொகை கேட்டாலும், மோட்டாரும் டிரம்மும் நன்றாக இருந்தால் அதைச் செலவிட்டுச் சரிசெய்வதில் நியாயம் இருக்கிறது. கூடவே மின்னழுத்தத்தையும் எர்த் இணைப்பையும் சோதிக்க வேண்டும், இல்லையேல் புதிய போர்டும் எரியும். மாறாக, பன்னிரண்டு ஆண்டு பழைய ஃபிரிட்ஜில், சுவருக்குள் ஃபோமில் புதைந்த குழாய் கசிகிறது என்றால், செலவு எவ்வளவு குறைவாகச் சொல்லப்பட்டாலும் அந்தப் பழுதுபார்ப்பு நிலைப்பது அரிது. கீசரிலும் இதே வேறுபாடு உண்டு. கடின நீரால் எலிமென்டில் உப்பு படிந்தால் எலிமென்டையும், டேங்க் அரிக்காமல் காக்கும் ஆனோடு கம்பியையும் மாற்றிக்கொள்ளலாம். டேங்கே அரித்து ஒழுகினால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிட வேண்டும்.

வாரன்டி அட்டையைப் பாராமல் பணம் கொடுப்பதும் வழக்கமாகிவிட்டது. பல ஃபிரிட்ஜ்களில் கம்ப்ரசருக்கு மட்டும் பத்து ஆண்டு வரை வாரன்டி இருக்கும், ஆனால் கேஸ் நிரப்பும் செலவும் கூலியும் அதில் அடங்காமல் போகலாம். இரண்டையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். சேவை மையத்தின் எண்ணை இணையத்தில் தேடி அழைக்காமல், வாரன்டி அட்டையிலோ நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ உள்ள எண்ணையே பயன்படுத்த வேண்டும். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. பில் கேட்பது நம் உரிமை. தகராறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மின்கட்டணக் கணக்கில் இரண்டு பக்கமும் தவறு நேர்கிறது. நட்சத்திர எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது சரியல்ல, ஏனெனில் அளவுகோல் அவ்வப்போது கடுமையாக்கப்படுகிறது. 2022 ஜூலையில் ஏ.சி.க்கான அளவுகோல் மாறியபோது முந்தைய ஐந்து நட்சத்திரம் நான்காக இறங்கியது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று ஸ்டிக்கரில் உள்ள எண்ணைத்தான் பார்க்க வேண்டும். மின்விசிறி மோட்டாரின் கம்பிச் சுருளான காயில் எரிந்துவிட்டால், காயில் கட்டும் கூலி குறைவு என்பதற்காகவே பழையதைக் காப்பாற்றுவதும் எப்போதும் இலாபமாகாது. சுமார் 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதில் 30 வாட் அளவிலான, மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறி நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் ஏறத்தாழ 40 யூனிட் குறையும். 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 40 யூனிட் கட்டண அடுக்கையே மாற்றக்கூடியது.

வெள்ளம் வடிந்தபின் செய்யும் தவறு உயிரையே வாங்கக்கூடும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வேளச்சேரி, முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. தண்ணீரில் நின்ற ஃபிரிட்ஜையோ வாஷிங் மெஷினையோ "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சுவிட்ச் போடவே கூடாது. ஈரமான மோட்டாரும் போர்டும் அந்த ஒரு நொடியில் முழுவதுமாக எரிந்துவிடலாம், தொடுபவருக்கு ஷாக்கும் அடிக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்து, எலக்ட்ரீஷியன் வீட்டு வயரிங்கைச் சோதித்து, சாதனத்தைத் திறந்து நன்றாக உலர்த்தி, இன்சுலேஷனை அளந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும். பொறுமையாக உலர்த்தினால் பிழைக்கக்கூடிய சாதனங்களை அவசரத்தில் இழந்துவிடக் கூடாது.

மாற்றுவதே முடிவு என்றால், ஆடித் தள்ளுபடி எக்ஸ்சேஞ்சில் பழையதற்குத் தரும் தொகையை அப்படியே நம்பாமல், எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் அதே மாடல் அடுத்த கடையில் என்ன விலை என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பழையதைக் காயலான் கடைக்குப் போட்டால், தாமிரத்துக்காக வயரை எரிப்பதும் கேஸைக் காற்றில் திறந்துவிடுவதும் நடக்கும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிப் பொறுப்பு தயாரிப்பாளருடையது. ஆகவே நிறுவனத்திடமோ பதிவுபெற்ற மறுசுழற்சி நிலையத்திடமோ ஒப்படைக்கலாம். எடுத்துச் செல்லும்வரை பழைய ஃபிரிட்ஜை மொட்டை மாடியிலோ வாசலிலோ வைக்க நேர்ந்தால், குழந்தைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாதபடி கதவைக் கழற்றிவிட வேண்டும்.