மாரிக்கு முன் எயார் பில்டரை வெள்ளத்துக்கு மேலே ஏற்றுவது எப்படி?

கோல்ட் எயார் இன்டேக் (எஞ்சினுக்குக் குளிர்ந்த காற்றை இழுத்துக்கொடுக்கும் குழாயும் பில்டரும்) வாங்கிப் பூட்டியவர்களில் பலர், அதன் பில்டர் கடைசியில் எங்கே போய் உட்காருகிறது என்று குனிந்து பார்ப்பதில்லை. பொனற்றுக்குள் இருக்கும் சூடான காற்றைத் தவிர்ப்பதற்காக, குழாயைக் கீழே இறக்கி முன் பம்பருக்குப் பின்னால் அல்லது மட்காட்டுக்குள் பில்டரை வைத்திருப்பார்கள். கோடையில் நல்ல இடம்தான். நவம்பரில் மட்டக்களப்பின் கிரான் வீதியிலோ பட்டிருப்புப் பக்கமோ தண்ணீர் ஏறும்போது, காரில் முதலில் நனையும் பாகங்களில் அதுவும் ஒன்று.

நனைந்தால் என்ன? என்னுடைய கொரோலா 121ஐ எடுத்துக்கொள்வோம். 1.5 லீற்றர் எஞ்சின், நான்கு சிலிண்டர், அமுக்க விகிதம் 10.5:1. பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஒரு சிலிண்டருக்குக் கிட்டத்தட்ட 40 மில்லிலீற்றர். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. அந்த அளவு தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனுக்கு மேலே போக வழியில்லை. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். எஞ்சினைக் கழற்ற வேண்டிவரும். அரைத் தேநீர்க் கோப்பைகூட இல்லாத தண்ணீர் செய்யும் வேலை இது.

ஆகவே ஒக்டோபர் முடிவதற்குள் கீழே உள்ளதைச் செய்துவிடுங்கள். ஸ்குரூ டிரைவர், 10 மில்லிமீற்றர் சொக்கெற், அளவு ரேப் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே முடியும்.

முதல் படி: பில்டரின் அடிவிளிம்பு எத்தனை சென்ரிமீற்றர்?

காரைச் சமதரையில் நிறுத்தி, முன்சில்லை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புங்கள். சில்லுக்கு உள்பக்கம் இருக்கும் பிளாஸ்ரிக் மறைப்பின் கிளிப்களைக் கழற்றி முன்பகுதியை மட்டும் விலக்கினால் பில்டர் தெரியும். தரையிலிருந்து பில்டரின் ஆகக் கீழான இடம் வரை அளவெடுங்கள். நடுப்பகுதியையோ குழாயையோ அல்ல, அடிவிளிம்பை. பில்டர் முழுக்க மூழ்க வேண்டியதில்லை, எஞ்சின் வேகமாகச் சுழலும்போது அடிவிளிம்பு தொட்டாலே தண்ணீரை இழுத்துவிடும்.

என் காரில் அது 27 சென்ரிமீற்றர். இந்த எண்ணை வைத்துத்தான் நான் அதிகம் மண்டையை உடைத்தேன். வீதியில் 20 சென்ரிமீற்றர் தண்ணீர்தானே, ஏழு மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் போட்டால் சரிவராது. கார் ஓடும்போது பம்பருக்கு முன்னால் தண்ணீர் குவிந்து உயர்கிறது. எதிரே ஒரு பஸ்ஸோ டிப்பரோ வந்தால் அது தள்ளும் அலை தனி. வீதியில் குழி இருந்தால் முன்சில்லு இறங்க, பில்டரும் சேர்ந்து இறங்கும். அதனால் அளவெடுத்த எண்ணிலிருந்து ஒரு சாணைக் கழித்துவிடுங்கள். மிச்சம் இருப்பதுதான் நீங்கள் நம்பக்கூடிய ஆழம். என் காரில் அது ஐந்து, ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் வரவில்லை, அதாவது கணுக்காலுக்கும் கீழே. நம் ஊரில் வெள்ளத்தைக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்றுதான் சொல்வார்கள். ஆகவே உங்கள் கணுக்காலையும் முழங்காலையும் ஒரு தடவை அளந்து வைத்துக்கொள்ளுங்கள். "முழங்காலளவு தண்ணி" என்று யாராவது சொன்னால் அடுத்த வீதியைப் பார்ப்பதா வேண்டாமா என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: பில்டரை மேலே ஏற்றுவது

இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. சில கிட்களில் குழாய் இரண்டு துண்டாக வரும். எஞ்சினுக்குள் காற்றை விடும் திரொட்டிலில் இருந்து வரும் மேல்துண்டு, கீழே இறங்கும் துண்டு, இரண்டையும் சேர்க்கும் ஒரு சிலிக்கன் றப்பர். கீழ்த்துண்டின் கிளிப்பைத் தளர்த்தி, அதை முழுதாக எடுத்துவிட்டு, பில்டரை மேல்துண்டின் நுனியிலேயே பூட்டலாம். இப்போது அது பொனற்றுக்குள், பற்றரியின் உயரத்துக்குக் கிட்ட வந்துவிடும். கொஞ்சம் சூடான காற்றை இழுக்கும், உண்மைதான். மழை நாளில், திருமலை வீதியில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது அந்த வித்தியாசத்தால் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை.

பூட்டும்போது மூன்று விசயம். பில்டரின் கழுத்தளவும் குழாயின் வெளியளவும் ஒன்றாக இருக்க வேண்டும். 70 மில்லிமீற்றர் குழாயில் 76 பில்டரை மாட்டி கிளிப்பை இறுக்கி முறுக்கினால் இடைவெளி மடிந்து நிற்கும், அதற்குள்ளால் தூசியும் தண்ணீரும் போகும். பில்டர் எதிலும் உரசக்கூடாது, முக்கியமாகக் காற்றாடியிலும் பற்றரி முனையிலும். காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சருக்கு முன்னால் கொஞ்சமாவது நேரான குழாய் இருக்கட்டும். வளைவை ஒட்டியே சென்சர் வந்தால் காற்று சுழன்று அளவு பிழைக்கும், செக் எஞ்சின் லைற் எரியும்.

குழாய் ஒரே துண்டென்றால்? காரோடு வந்த கம்பனி பில்டர் பெட்டியைத் திரும்பப் பூட்டுங்கள். தயக்கமே வேண்டாம். அதன் வாய் பெரும்பாலும் பொனற்றின் முன்விளிம்புக்குக் கிட்ட உயரத்தில்தான் இருக்கும். அடியில் தண்ணீர் வடியச் சின்னத் துளையும் வைத்திருப்பார்கள். அந்தத் துளையில் இலை, சேறு அடைத்திருந்தால் ஒரு கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். கிட் வாங்கியதும் பழைய பெட்டியை விற்றுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை. ஒருபோதும் விற்காதீர்கள்.

மூன்றாம் படி: உறை

பில்டருக்குமேல் போடும் தண்ணீர் ஒட்டாத துணி உறை நல்ல பொருள், வாங்குங்கள். ஆனால் அது தெறிக்கும் தண்ணீருக்கு மட்டும். பில்டர் மூழ்கிவிட்டால் எஞ்சினின் இழுவை அந்தத் துணிக்குள்ளாலும் தண்ணீரை உறிஞ்சிவிடும். காற்றுப் போகும் எந்தத் துணியும் மூழ்கினால் தண்ணீரைத் தடுக்காது. படுவான்கரைப் பக்கம் வயல் வீதியில் ஓடுபவர்கள் உறையை அடிக்கடி கழற்றிச் சவர்க்காரத் தண்ணீரில் அலசுங்கள். சேறு காய்ந்தால் அதுவே காற்றை அடைக்கும்.

பில்டர் விசயத்தில் என் தெரிவு எண்ணெய் இல்லாத உலர் பில்டர். எண்ணெய் பூசும் பருத்தி பில்டரில் எண்ணெய் கொஞ்சம் கூடினாலும் அது எம்ஏஎஃப் கம்பியில் படியும்.

நான்காம் படி: பைபாஸ் வால்வு

ஏஇஎம் என்ற கம்பனியின் இந்த வால்வு, பில்டர் மூழ்கி இழுவை கூடும்போது திறந்து, மேலே இருக்கும் காற்றை எஞ்சினுக்குக் கொடுக்கும். யோசனை நல்லது. ஆனால் வால்வும் தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் பயன். அதைப் பில்டருக்கும் சென்சருக்கும் நடுவில், குழாயில் எட்டக்கூடிய ஆக உயரமான இடத்தில் பூட்டுங்கள். டர்போ எஞ்சினில் பூட்டக்கூடாது. பில்டரை மேலே ஏற்ற முடியுமென்றால் இதற்குச் செலவழிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம்.

ஐந்தாம் படி: திரும்பப் பூட்டுதல்

கிரேங்க்கேஸ் மூச்சுக்குழாயை (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக் குழாய்க்குக் கொண்டுவரும் சின்னக் குழாய்) திரும்பப் பூட்ட மறவாதீர்கள். சில்லின் உள்மறைப்பைக் கட்டாயம் திரும்பப் பூட்டுங்கள். உடைந்த கிளிப்களுக்குப் புதியது போடுங்கள், ரயர் வாரியிறைக்கும் தண்ணீரைத் தடுப்பது அதுதான். ஹோஸ் கிளிப் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். கல்லடி, நாவலடிக் கடற்காற்றில் மற்றது துருப்பிடித்துவிடும். பிறகு ஸ்ரார்ட் செய்து, 'ஸ்ஸ்' என்று எங்காவது இரைகிறதா என்று காது கொடுங்கள்.

வீதியில்

தண்ணீருக்குள் முதலாம் கியர், ஒரே மெதுவான வேகம். ஓடுகிற தண்ணீரில் இறங்கவே வேண்டாம். 2024 நவம்பரில் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துச் சென்று பிள்ளைகளைப் பலிகொண்டது. பில்டர் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அந்தத் தண்ணீருக்குக் கணக்கில்லை. வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தின் மணலை வெட்டித் தண்ணீர் வடியும்வரை வீட்டில் இருங்கள்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்ரார்ட் செய்யவே கூடாது. சாவியை எடுக்காமல் (எடுத்தால் ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும்), கியரை நியூட்ரலில் போட்டுத் தள்ளிக் கரையேற்றுங்கள். பில்டரைக் கழற்றி உள்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். ஈரமென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றிய பிறகே சுழற்ற வேண்டும். அப்போது தண்ணீர் பிளக் துளைகளால் பீறிட்டு வெளியேறும். எண்ணெய்க் கம்பியையும் இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள்.

பிறகு சேர்த்தது: பில்டரைப் பொலித்தீன் பையால் சுற்றினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எஞ்சின் மூச்சுத் திணறும், பை கிழிந்தால் துண்டு உள்ளே போகும்.

இன்னொன்று: ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குள் நின்றால் பவர் பட்டனை அணைத்துவிடுங்கள். அணைக்காவிட்டால், பற்றரி இறங்கும்போது நீங்கள் தொடாமலேயே எஞ்சின் தானாக ஸ்ரார்ட் ஆகிவிடும்.

ஹைலக்ஸுக்கு ஸ்னோர்க்கல் (கூரை உயரத்தில் இருந்து காற்றை இழுக்கும் குழாய்) பூட்டியவர்களுக்கு: மேலே வாய் இருந்தால் மட்டும் போதாது. குழாய் பெட்டியோடு சேரும் மூட்டையும், பெட்டியின் அடித்துளையையும் பாருங்கள். அங்கே இடைவெளி இருந்தால் எஞ்சின் தண்ணீரை அதன் வழியாகவே எடுத்துக்கொள்ளும்.

வாவித் தண்ணீர் பட்ட பில்டர் கழுவக்கூடியதென்றால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். சவர் காய்ந்து பில்டரில் உப்பாகப் படியும். கடதாசி பில்டர் நனைந்தால் காயவைத்துப் பார்க்காமல் புதியது போடுங்கள்.