நிரலாக்கத் தளத்தில் உரிமக் குறிப்பும் நூல் மதிப்புரையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கத்தின் அடியில் 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என்று ஒரு வரி. நடுவில், நிரல் துண்டுக்குக் கீழே, 'தாராளமாக எடுத்துப் பயன்படுத்துங்கள்' என்று இன்னொரு வரி. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அதே நிரலின் களஞ்சியத்துக்குப் போனால், அங்கே பதிப்புரிமை வரியை நீக்காமல் எவரும் பயன்படுத்தலாம் என்னும் எம்ஐடி உரிமம். தனியாள் நடத்தும் நிரலாக்கத் தளங்களில் இந்த முரண்பாடு மிகச் சாதாரணம். படிக்க வருபவருக்கு இதனால் தொல்லை இல்லை. எடுத்துப் பயன்படுத்த வருபவர்தான் திண்டாடுவார். கவனமானவர் எதையும் தொடாமல் போய்விடுவார். கவனமில்லாதவர் எழுதியவர் பெயரையும் சேர்த்து நீக்கிவிட்டு எடுத்துக்கொள்வார். இரண்டுமே எழுதியவருக்கு நட்டம்.

தளம் முழுவதையும் ஒரே பொருளாக நினைப்பதுதான் இதற்கெல்லாம் மூலகாரணம். கட்டுரை உரை, நிரல் துண்டு, தளத்தின் தீம், எழுத்துரு, நூல் அட்டைப் படம், மேற்கோள் என்று ஒரு பக்கத்திலேயே பலருடைய உடைமைகள் கலந்து கிடக்கின்றன. எதற்கு எந்த உரிமம் என்று பிரித்துச் சொல்லாத குறிப்பு, குறிப்பே இல்லாததற்குச் சமம்.

உரிமம் எழுதாவிட்டால் பொதுச்சொத்து ஆகாது

'ஒன்றும் எழுதவில்லை, அதனால் யாரும் எடுத்துக்கொள்ளலாம்' என்பது தலைகீழான புரிதல். பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் ஒப்பந்தத்தில் சேர்ந்துள்ள நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. எழுதிய கணமே அது பிறந்துவிடும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே வகைப்படுத்துகிறது. எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டுகள் அந்த உரிமை நிற்கும். கிட்ஹபில் பொதுவில் வைத்தாலும் இதே நிலைதான். அந்தத் தளத்துக்குள் பார்க்கவும் ஃபோர்க் செய்யவும் (தம் கணக்கில் ஒரு படி எடுக்கவும்) மட்டுமே அதன் விதிகள் மற்றவர்களுக்கு இடம் தருகின்றன. அந்த நிரலைத் தம் மென்பொருளில் சேர்க்கும் அனுமதி உரிமக் கோப்பு வழியாகத்தான் வர வேண்டும்.

எழுதியவருக்கே அந்த உரிமை இருக்கிறதா என்பதையும் முதலில் பார்த்துவிட வேண்டும். அதே சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, வேலையின் பகுதியாக எழுதியதற்கு முதல் உரிமையாளர் முதலாளிதான். அலுவலகத் திட்டத்திலிருந்து பெயர்களை மட்டும் மாற்றி எடுத்த ஒரு துணைச் செயற்கூற்றுக்கு உங்கள் தளத்தில் நீங்கள் எம்ஐடி போட முடியாது.

கட்டுரைக்கும் நிரலுக்கும் ஒரே உரிமம்

உரை, படம் போன்றவற்றைப் பகிர்வதற்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தளம் முழுவதற்கும் ஒரே அடியாகப் போட்டுவிடுவது அடுத்த தவறு. மென்பொருளுக்குத் தங்கள் உரிமங்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சொல்கிறது. மூல நிரலை எப்படித் தருவது என்பது பற்றி அவற்றில் பேச்சே இல்லை. கண்டுபிடிப்புக்கான பேட்டன்ட் உரிமைகளையும் அவை வழங்குவதில்லை. அவற்றில் ஒன்றான பை-எஸ்ஏ (பெயர் குறிப்பிடுக, அதே உரிமத்தில் பகிர்க) உரிமத்தில் உள்ள 12 வரி நிரலை எம்ஐடி திட்டத்துக்குள் ஒருவர் சேர்த்தால், 'அதே உரிமத்தில் பகிர்க' என்ற நிபந்தனை அவர் கழுத்தில் விழும். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி வகையை நிரலுக்குப் போட்டால் அது திறந்த மூல நிரலே அல்ல.

'அப்படியானால் பதிப்புரிமையையே விட்டுக்கொடுக்கும் சிசி0 போட்டுவிடலாமே' என்பார்கள். உரைக்கும் தரவுக்கும் அது நன்றாகவே பொருந்தும். ஆனால் பேட்டன்ட் உரிமைகள் எதுவும் விட்டுக்கொடுக்கப்படவில்லை என்று அதன் வாசகத்திலேயே இருக்கிறது. இதே காரணத்தால்தான் லினக்ஸ் வெளியீடான ஃபெடோரா திட்டம் 2022இல் நிரலுக்கு அதை ஏற்பதை நிறுத்தியது. சிறு துண்டுகளுக்கு எம்ஐடி-0 அல்லது 0பிஎஸ்டி உரிமம் போதும். இரண்டிலும் பெயர் குறிப்பிடும் கட்டாயம் கிடையாது. பத்து வரிக்குப் பெயர் கேட்பது உங்கள் உரிமைதான், ஆனால் யாரும் அதைக் கடைப்பிடிக்கப் போவதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

பிரித்துச் சொல்வதற்கு 'எலோக்வென்ட் ஜாவாஸ்கிரிப்ட்' நூல் நல்ல முன்மாதிரி. நூலின் உரை வணிகமல்லாப் பயன்பாட்டுக்கான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. அதிலுள்ள நிரல்களை எம்ஐடி உரிமத்திலும் கொள்ளலாம் என்று தனியே சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தளத்துக்கு இப்படி எழுதலாம்:

'இத்தளத்தின் கட்டுரைகளும் மதிப்புரைகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் உள்ளன. கட்டுரைக்குள் வரும் நிரல் துண்டுகள் எம்ஐடி-0 உரிமத்தில் உள்ளன. தனிக் களஞ்சியங்களுக்கு அந்தந்தக் களஞ்சியத்தில் உள்ள உரிமம் பொருந்தும். மேற்கோள்கள், நூல் அட்டைகள், பிறருடைய படங்கள், பிறருடைய நிரல்கள் இவற்றில் அடங்கா.'

கடைசி வாக்கியத்தைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லையென்றால், பதிப்பகத்துக்குச் சொந்தமான அட்டைப் படத்தையும் நீங்களே உரிமம் கொடுத்து வழங்குவதாக ஆகிவிடும்.

குறிப்பு அடிப்பகுதியில் மட்டும் இருந்தாலும் போதாது. நிரலை நகலெடுப்பவர் நிரல் பெட்டியை மட்டும்தான் நகலெடுப்பார், அடிக்குறிப்பு கூடவே போகாது. சற்று நீளமான நிரல் என்றால் முதல் வரியிலேயே எஸ்பிடிஎக்ஸ் உரிம அடையாளத்தை (உரிமத்தைக் குறிக்கும் பொதுக் குறியீட்டை) ஒரு கருத்துரையாக வையுங்கள். அதை எழுதும்போது மாற்றி வெளியிட்டாலும் அதே உரிமத்தைக் கேட்கும் ஜிபிஎல் உரிமக் குடும்பத்தில் ஒரு கவனம் வேண்டும். 'பதிப்பு 2 மட்டும்', 'பதிப்பு 2 அல்லது பிந்தையது' இரண்டுக்கும் தனித்தனி அடையாளம் உண்டு. வெறுமனே 'ஜிபிஎல் 2.0' என்ற பழைய அடையாளம் கைவிடப்பட்டுவிட்டது. லினக்ஸ் கர்னல் 'மட்டும்' வகை. 'பதிப்பு 2 மட்டும்' என்று உள்ள நிரலை ஜிபிஎல் 3 நிரலோடோ அப்பாச்சி 2.0 உரிம நிரலோடோ இணைத்து வெளியிட முடியாது.

களஞ்சியத்துக்குள் இரண்டு சின்னச் சோதனைகள். எம்ஐடி வார்ப்பில் ஆண்டும் பெயரும் வர வேண்டிய இடம் நிரப்பப்பட்டிருக்கிறதா? கோண அடைப்புக்குறியோடு அப்படியே விட்டவை ஏராளம். அடுத்து, என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பு மேலாளர்) தொகுப்பாக இருந்தால் பேக்கேஜ் கோப்பின் உரிமப் புலத்தைத் திறந்து பாருங்கள். தொகுப்பைத் தொடங்கும் கட்டளை நெடுங்காலமாக ஐஎஸ்சி என்ற உரிமத்தைத்தான் தானாக நிரப்பி வந்திருக்கிறது. உரிமக் கோப்பில் எம்ஐடி, இங்கே ஐஎஸ்சி என்று இருந்தால் தானியங்கிச் சோதனைக் கருவிகள் இரண்டாவதைத்தான் எடுத்துக்கொள்ளக்கூடும்.

பிறர் நிரல், பிறர் தீம், பிறர் எழுத்துரு

நிரலாக்கக் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் விடையிலிருந்து எடுத்த நிரலுக்கு உங்கள் எம்ஐடி-0 செல்லாது. அங்குள்ளவை பை-எஸ்ஏ உரிமத்தில் இருக்கின்றன, பதிப்பு எண் எழுதிய தேதியைப் பொறுத்தது. 2011 ஏப்ரல் 8க்கு முந்தையவை 2.5, அதிலிருந்து 2018 மே 2க்கு முன்புவரை 3.0, பிறகு 4.0. எழுதியவரின் பெயர், விடைக்கான இணைப்பு, உரிமப் பதிப்பு மூன்றையும் அந்த நிரல் பெட்டிக்கு மேலேயே கொடுங்கள். 4.0 பதிப்பில் உள்ளதை மட்டும் ஜிபிஎல் 3 திட்டத்துக்குள் கொண்டுபோகலாம் என்று 2015இல் கிரியேட்டிவ் காமன்ஸ் அறிவித்தது. அது ஒருவழிப் பாதை. அங்கிருந்து திரும்பி வர முடியாது.

படங்களின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பழைய பதிப்பு எண்களைப் பார்த்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. 4.0 உரிமத்தில், பெயர் குறிப்பிடுவதில் பிழை நேர்ந்தால் அதை அறிந்த 30 நாள்களுக்குள் திருத்தினால் உரிமம் தானாக மீளும். 3.0 வரையிலான பதிப்புகளில் இந்தச் சலுகை இல்லை, மீறியவுடன் உரிமம் முடிந்துவிடும். இதைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்டு வருபவர்கள் உண்டு. தலைப்பு, படைப்பாளர், மூல இணைப்பு, உரிமம் நான்கும் இல்லாமல் ஒரு படத்தையும் ஏற்றாதீர்கள். வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஹியூகோ, ஜெக்கில் ஆகிய தளம் உருவாக்கும் கருவிகளின் தீம்கள் பெரும்பாலும் எம்ஐடி. 'தீம் வடிவமைத்தவர்' என்ற இணைப்பை அடியில் வைத்தால் கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். எம்ஐடி கேட்பது அதை அல்ல. பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் நகலோடு சேர்ந்து போக வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. நிரலைச் சுருக்கும் கருவிகள் கருத்துரைகளை நீக்கும்போது அதுவும் போய்விடுகிறது. அத்தகைய கருவியான டெர்சரில், ஆச்சரியக்குறியோடு தொடங்கும் கருத்துரைகளை விட்டுவைக்கச் சொல்லலாம். இன்னொரு கருவியான இஎஸ்பில்டில் சட்டக் கருத்துரைகளுக்கென்றே தனி விருப்பம் இருக்கிறது. அமைத்த பிறகு, வெளியீட்டுக் கோப்புறையில் கிரெப் என்னும் தேடல் கட்டளை கொண்டு 'காப்பிரைட்' என்பதை ஆங்கில எழுத்தில் தேடிப் பாருங்கள். ஒன்றும் வரவில்லையென்றால் அமைப்பு வேலை செய்யவில்லை.

எழுத்துருவில் சிக்கல் வேறு மாதிரி. இலவசத் தமிழ் எழுத்துருக்களில் பல, எழுத்துருக்களுக்கென்றே உள்ள எஸ்ஐஎல் ஓஎஃப்எல் 1.1 என்ற திறந்த உரிமத்தில் வருகின்றன. தளம் வேகமாக ஏற வேண்டும் என்று தேவையற்ற வரிவடிவங்களை நீக்கி எழுத்துருவைச் சிறிதாக்குவது வழக்கம். அது மாற்றம் செய்த வடிவமாகிவிடுகிறது. உரிமக் கோப்பின் தொடக்கத்தில் 'ஒதுக்கப்பட்ட எழுத்துருப் பெயர்' என்று ஆங்கிலத்தில் அறிவித்திருந்தால், மாற்றிய வடிவத்தை அந்தப் பெயரிலேயே தரக் கூடாது. கோப்பின் பெயரை மட்டுமல்லாமல் எழுத்துருவுக்குள் இருக்கும் பெயர் அட்டவணையையும் மாற்ற வேண்டும். உரிமக் கோப்பை எழுத்துருவின் பக்கத்திலேயே வையுங்கள்.

மின்னஞ்சலில் வாசகர் அனுப்பும் திருத்தங்களுக்கும் உரிமையாளர் அவர்தான். கிட்ஹப் வழியாக வந்தால், வேறு உடன்பாடு இல்லாதபோது, களஞ்சியத்தின் உரிமத்திலேயே தந்ததாக அதன் விதிகள் கொள்கின்றன. மின்னஞ்சலில் அந்த வசதி இல்லை. 'இதை எம்ஐடி-0 உரிமத்தில் சேர்க்கலாமா' என்று ஒரு வரி கேட்டுப் பதிலைச் சேமித்து வையுங்கள்.

நூல் மதிப்புரைகளில்

எந்தப் பதிப்பு என்று சொல்லாத மதிப்புரையால் பயன் குறைவு. 'ரீஃபாக்டரிங்' நூலின் 1999ஆம் ஆண்டு முதல் பதிப்பின் எடுத்துக்காட்டுகள் ஜாவாவில் இருந்தன, 2018ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ஜாவாஸ்கிரிப்டுக்கு மாறிவிட்டன. 'எடுத்துக்காட்டுகள் அருமை' என்று மட்டும் எழுதினால் ஜாவா படிக்கும் மாணவர் எதை நம்பி வாங்குவார்? பதிப்பு எண், வெளியான ஆண்டு, 13 இலக்க ஐஎஸ்பிஎன் (நூலின் அடையாள எண்), அச்சு நூலா மின்னூலா என்பவை மதிப்புரையின் தலையிலேயே இருக்கட்டும். கெட்டி அட்டை, சாதா அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்பிஎன் வேறு. ஒரே பதிப்பின் அடுத்தடுத்த அச்சுகளில் பிழைகள் திருத்தப்படுவதால், பிழையைச் சுட்டும்போது எத்தனையாவது அச்சு என்பதும் வேண்டும். மலிவு விலை இந்திய மறுபதிப்புகளில் வண்ணப் படங்கள் கறுப்பு வெள்ளையாக வருவதுண்டு. வரைபடங்களை நம்பியிருக்கும் நூலுக்கு இது சிறிய தகவல் அல்ல. பக்க எண்ணைவிட இயலும் உட்பிரிவும் கொடுப்பது நல்லது, மின்னூலில் பக்கம் மாறிவிடும்.

நிரல்களை ஓட்டிப் பார்க்காமல் மதிப்புரை எழுதக் கூடாது. எந்த மொழிப் பதிப்பில் ஓட்டினீர்கள், எவை உடைந்தன என்று எழுதுங்கள். பைதான் 2க்கான ஆதரவு 2020 ஜனவரி 1 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதன் நிரல்களோடு விற்பனையில் உள்ள நூல்களைத் தொடக்கநிலை வாசகர் வாங்கி, முதல் அச்சிடும் வரியிலேயே பிழைச்செய்தி பார்த்து மனம் தளர்வது தடுக்கக் கூடியது.

மேற்கோளுக்கு '10 சதவீதம் வரை', '300 சொல் வரை' என்று உலவும் கணக்குகள் சட்டத்தில் இல்லை. இந்தியச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, விமர்சனத்துக்கும் மதிப்புரைக்குமான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, அளவு எதையும் குறிப்பிடவில்லை. எடுத்த பகுதியைப் பற்றி நீங்கள் ஏதாவது சொல்கிறீர்களா, அது நூலை வாங்கும் தேவையையே இல்லாமல் ஆக்குகிறதா என்பதே பார்க்க வேண்டியது. இயல் இயலாகச் சுருக்கம் எழுதி எல்லா நிரல்களையும் கீழே ஒட்டுவது இந்த எல்லையைத் தாண்டிவிடும். மின்னூலின் முழுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போடுவதிலும் அதே ஆபத்து உண்டு.

பயிற்சிகளுக்கு நீங்கள் எழுதிய விடை உங்களுடையது, கேள்வியின் வாசகம் நூலாசிரியருடையது. கேள்வியை அப்படியே தட்டச்சு செய்யாமல் இயல் எண்ணையும் பயிற்சி எண்ணையும் மட்டும் கொடுங்கள். நூலிலுள்ள நிரல்களுக்கு முன்னுரையைப் பாருங்கள். ஓரைலி பதிப்பக நூல்களில் 'நிரல் எடுத்துக்காட்டுகளைப் பயன்படுத்துதல்' என்ற பகுதி வழக்கமாக இருக்கும். உங்கள் மென்பொருளில் சில துண்டுகளைச் சேர்க்க அனுமதி தேவையில்லை என்று அது சொல்லும். எடுத்துக்காட்டுகளைத் தொகுத்து விற்கவோ வினியோகிக்கவோ அனுமதி வேண்டும் என்றும் அதே பகுதியில் இருக்கும்.

அட்டைப் படத்தைக் கடைத் தளத்திலிருந்து பதிவிறக்கிச் சொந்தச் சர்வரில் வைக்காதீர்கள். அமேசான் இணைப்புத் திட்டத்தில் (இணைப்பு வழி விற்றதில் பங்கு தரும் திட்டம்) இருப்பவர்களுக்குக்கூட அதன் விதிகள் படத்தைச் சேமித்து வைக்க இடம் தருவதில்லை. பதிப்பகம் ஊடகங்களுக்கென்று தரும் படத்தை எடுங்கள், இல்லாவிட்டால் அட்டையே இல்லாமல் நூற்பெயரை எழுத்தில் அழகாகப் போடுங்கள்.

நூல் இலவசமாக வந்ததா, இணைப்பை அழுத்தி வாங்கினால் உங்களுக்குப் பங்கு வருமா, இவற்றை மதிப்புரையின் முதல் பத்தியிலேயே, மதிப்புரை எழுதிய மொழியிலேயே சொல்ல வேண்டும். இந்தியாவில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதல்கள் இத்தகைய தொடர்பை வெளிப்படுத்தச் சொல்கின்றன. தளத்தின் 'என்னைப் பற்றி' பக்கத்தில் எங்கோ எழுதிவைப்பது வாசகரை மதிக்கும் செயல் அல்ல.

புதிய பதிப்பு வந்தால் பழைய மதிப்புரையைச் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். மேலே தேதியிட்டு ஒரு குறிப்பு வைத்தால் போதும். உரிமத்தை மாற்றும்போதும் இதுவே முறை. கிரியேட்டிவ் காமன்ஸ் 4.0 உரிமங்களைத் திரும்பப் பெற முடியாது, ஏற்கெனவே எடுத்தவருக்குப் பழைய உரிமமே நிற்கும். எந்தத் தேதியிலிருந்து எது என்று உரிமப் பக்கத்தில் வரிசையாக எழுதிவையுங்கள். அந்தப் பக்கத்தின் முகவரியையும் மாற்றாதீர்கள். உங்கள் பெயரைக் குறிப்பிட்டவர்கள் எல்லோரும் அங்கேதான் இணைப்புக் கொடுத்திருப்பார்கள். தளத்தை வேறு கருவிக்கு மாற்றும்போது முகவரி மாறியே ஆக வேண்டுமென்றால், பழைய முகவரியிலிருந்து 301 எனப்படும் நிரந்தர வழிமாற்று அமைத்துவிட்டு, உலாவியில் பழைய இணைப்பைத் திறந்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.