பூட்டு வாங்கும் முன் காரைக் காலி செய்யுங்கள்

கார் அலாரம், சென்ட்ரல் லாக், ஜி.பி.எஸ். மாட்டுவதுதான் என் பிழைப்பு. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் கடை. கண்ணாடி உடைந்த வண்டியோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "நல்ல லாக் எது, எவ்வளவு ஆகும்?" என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "உள்ளே என்ன வெச்சிருந்தீங்க?" பெரும்பாலும் பதில் லேப்டாப் பை. இல்லாவிட்டால் கல்யாண மண்டபத்து வாசலில் சீட்டில் விட்டுப்போன ஹேண்ட்பேக்.

என் கடைக்கு வருகிறவர்களை வைத்துச் சொல்கிறேன்: காரையே பறிகொடுத்தவர்களைவிட காருக்குள் இருந்ததைப் பறிகொடுத்தவர்கள்தான் அதிகம். அதற்கு எந்தப் பூட்டும் உதவாது. பைக்குள் லேப்டாப் இருக்கிறதா, டிபன் பாக்ஸ் இருக்கிறதா என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது. உடைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான். அதனால் காலிப் பையைக்கூட சீட்டில் விடாதீர்கள். தொங்கும் சார்ஜர் வயர், போன் ஸ்டாண்டு, சில்லறை எல்லாமே கண்ணை இழுக்கும்.

டிக்கியில் வைப்பதாக இருந்தால் கிளம்பும் இடத்திலேயே வைத்துவிடுங்கள். மண்டபத்து வாசலில் இறங்கி, டிக்கியைத் திறந்து, நகைப் பையை வைத்து மூடினால், பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு நீங்களே இடத்தைக் காட்டிக் கொடுத்ததாக ஆகும். ஹேட்ச்பேக் வண்டிகளில் பின் சீட்டைச் சாய்த்தால் டிக்கிக்குள் கை போய்விடும். பணமும் நகையும் கையோடு போகட்டும், வேறு வழியே இல்லை.

பக்கக் கண்ணாடி டெம்பர்டு வகை. அடிபட்டால் கல்கண்டு மாதிரி பொடிப்பொடியாகக் கொட்டிவிடும். முன் கண்ணாடி லேமினேட்டட், விரிசல் விட்டாலும் அப்படியே நிற்கும். அதனால் திருடன் கை வைப்பது பக்கக் கண்ணாடியில்தான். உடைந்த கதவின் உள் டிரிம்மைக் கழற்றினால் அடியில் இரண்டு கை அள்ளும் அளவுக்குத் துண்டுகள் கிடக்கும். அதை எடுக்காமல் புதுக் கண்ணாடி மட்டும் மாட்டித் தந்தால் வாங்காதீர்கள். கதவைச் சாத்தும்போதெல்லாம் கலகலக்கும், கண்ணாடி ஏறி இறங்குகிற ரெயிலிலும் சிக்கும். உள்ளே தெரியாமல் இருக்கக் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்பவர்களும் உண்டு. 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நான் ஒட்டுவதில்லை.

கம்பெனியிலிருந்து வரும் அலாரத்தை நம்பி ஏமாந்தவர்கள் பலர். பெரும்பாலான வண்டிகளில் அது கதவைத் திறந்தால்தான் அலறும். கண்ணாடி உடைந்தால் சத்தமே வராது. அதற்கு அதிர்வை உணரும் ஷாக் சென்சார் தனியாக வேண்டும். மாட்டிய பிறகு அதன் உணர்திறனைச் சரியாக வைக்கச் சொல்லுங்கள். பஸ் போனாலே கத்துகிற அலாரத்தை, நிஜமாகத் திருடன் வரும் ராத்திரியில் தெருவில் யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

அடுத்தது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே நடக்கும் திருட்டு. இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்குப் போதவில்லை. பேங்கில் பணம் எடுத்து வண்டியில் ஏறுகிறீர்கள். ஒருவன் கண்ணாடியைத் தட்டி, "சார், பின் டயர்ல காத்து இல்ல" என்பான். இல்லாவிட்டால் ஆயில் ஒழுகுது என்பான், பத்து ரூபாய் நோட்டுகளைக் கீழே போட்டுவிட்டு "உங்க பணம் விழுந்திருக்கு" என்பான். நீங்கள் குனிந்து பார்க்கும் நேரத்தில் மறுபக்கக் கதவைத் திறந்து இன்னொருவன் பையோடு போயிருப்பான். டயரில் நிஜமாகவே ஆணி இருக்கலாம், அவர்களே குத்தியிருப்பார்கள். செய்ய வேண்டியது ஒன்றுதான்: இறங்காதீர்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு ஆள் நடமாட்டமுள்ள பெட்ரோல் பங்க் வரை போங்கள். ஒரு டயர் கெட்டாலும் பரவாயில்லை. இறங்கியே ஆகவேண்டும் என்றால் இன்ஜினை அணைத்து, பையைக் கையில் எடுத்து, நான்கு கதவையும் பூட்டிவிட்டு இறங்குங்கள். குழந்தைக்கு ஏசி ஓடட்டும் என்று இன்ஜினை ஓடவிட்டுக் கடைக்குள் போகிற பழக்கத்தை தயவுசெய்து இன்றோடு விடுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவனுக்குப் பின் சீட்டில் குழந்தை இருப்பது தெரியாது.

ரிமோட்டை அழுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்காதீர்கள். சிக்னலைத் தடுக்கும் கருவி பக்கத்தில் இருந்தால் கதவு பூட்டாது. இண்டிகேட்டர் மின்னியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பாருங்கள்.

இனி வண்டியையே கொண்டுபோகிறவர்கள். இப்போதைய கார்களில் சாவிக்குள் சிப் இருக்கிறது, அது இல்லாமல் இன்ஜின் உயிர் பெறாது. இதுதான் இம்மொபிலைசர். வயரை வெட்டி ஒட்டி ஸ்டார்ட் செய்யும் காலம் இதனால் போயிற்று. ஆனால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி போர்ட்டில் (சர்வீஸில் வண்டியின் கோளாறைப் பார்க்கச் செருகும் துளை) கருவியைச் செருகி, புதுச் சாவியை வண்டிக்குப் பழக்கிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் இன்னொரு ஓட்டை: நம் வீடுகளில் சாவி வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில்தான் தொங்கும். அதன் சிக்னலை வெளியிலிருந்து பிடித்து, நீட்டி, வண்டிக்குக் காட்டினால் சாவி பக்கத்தில் இருப்பதாக வண்டி நம்பிவிடும். சாவியை உள் அறையில், மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வையுங்கள். டப்பாவை மூடி வண்டிக்குப் பக்கத்தில் எடுத்துப்போய்க் கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். கதவு திறந்தால் அந்த டப்பா உதவாது, இதற்கென்றே விற்கும் சிக்னல் தடுப்புப் பை வாங்கிக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரானிக் தந்திரம் தெரிந்தவனுக்கு எரிச்சலூட்டுவது இரும்புதான். ஒரே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கியர் லாக் வாங்குங்கள் என்பேன். ரிவர்ஸ் கியரில் போட்டுப் பூட்டிவிட்டால் வண்டியை முன்னால் ஓட்ட முடியாது. மாட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள்: இறுக்கியதும் போல்ட்டின் தலை முறிந்து விழ வேண்டும். ஸ்பேனர் போட்டுக் கழற்றக்கூடிய போல்ட் என்றால் லாக் மாட்டியும் பிரயோஜனமில்லை. ஸ்டியரிங்கில் மாட்டிப் பூட்டும் இரும்பு ராடு அறுத்தால் போய்விடும்தான். ஆனால் வெளியிலிருந்தே தெரிவதால் அடுத்த வண்டிக்குப் போகலாம் என்று நினைக்க வைக்கும்.

ஜி.பி.எஸ். வாங்கினால் ஓபிடி போர்ட்டில் செருகும் வகை வேண்டாம், திருடன் முதலில் பிடுங்குவது அதைத்தான். டேஷ்போர்டுக்கு உள்ளே வயரில் இணைப்பதும், தனக்கென்று சிறு பேட்டரி உள்ளதுமாக இருக்கட்டும். அதிலிருக்கும் சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்து, வண்டி போன அன்றுதான் பார்க்கிறவர்கள் உண்டு. வாரண்டி இருக்கும் வண்டியில் வயரை வெட்டி ஒட்டும் எந்த வேலைக்கும் முன்பு சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இது எனக்கு வேலை போகிற யோசனைதான், இருந்தாலும் கேளுங்கள்.

மாருதி ஈகோ வேன் வைத்திருப்பவர்கள் சைலன்ஸரைக் கவனியுங்கள். அதோடு சேர்ந்த, புகையைச் சுத்தப்படுத்தும் கேடலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் மகாராஷ்டிரா, குஜராத் பக்கம் அதை மட்டும் கழற்றிப்போகும் கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. சுவரை ஒட்டி, வெளிச்சத்தில் நிறுத்துங்கள். அடியில் தொங்கும் ஸ்டெப்னிக்கும் பூட்டு உண்டு.

ஸ்பேர் சாவியையும் ஒரிஜினல் ஆர்.சி.யையும் குளோவ் பாக்ஸில் வைக்காதீர்கள். போலீஸ் கேட்டால் டிஜிலாக்கரில் காட்டலாம், அது செல்லும். வண்டி போய்விட்டால் இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவியையும் கேட்பார்கள். ஒன்று வண்டியோடு போயிருந்தால் அங்கேயே தகராறு ஆரம்பம். பழைய கார் வாங்கும்போதும் இரண்டு சாவியையும் கேட்டு வாங்கி, மற்ற சாவிகள் எல்லாவற்றையும் வண்டியின் சிப் பதிவிலிருந்து சர்வீஸ் சென்டரில் நீக்கச் சொல்லுங்கள்.

அப்படியும் வண்டி போய்விட்டால் உடனே 112 அல்லது 100. ஃபாஸ்டேக் எஸ்.எம்.எஸ். வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பரனூர் டோல்கேட்டைத் தாண்டினால் ஒரு திசை, நல்லூர் டோல்கேட்டைத் தாண்டினால் வேறு திசை. அந்தத் தகவலையும் ஜி.பி.எஸ். இருந்தால் அதன் லிங்கையும் போலீசுக்கே கொடுங்கள், நீங்கள் துரத்திக்கொண்டு போகாதீர்கள். ஸ்டேஷனில் புகார் வாங்கிக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள். கிளைமுக்கு எஃப்.ஐ.ஆர். வேண்டும். எங்கள் எல்லை இல்லை என்று சொன்னாலும், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 173-வது பிரிவுப்படி எந்த ஸ்டேஷனிலும் பதிய வேண்டும். அன்றைக்கே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டிக் கிளைமை மறுக்கக்கூடாது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தக் கட்டத்துக்கே போகாமல் இருப்பது நல்லது.

தேர்டு பார்ட்டி பாலிசிக்குத் திருட்டுக்கு ஒரு பைசாவும் வராது. உள்ளே இருந்த லேப்டாப்புக்கு சாதாரண கார் பாலிசி எதிலும் வராது. உடைந்த ஒரு பக்கக் கண்ணாடிக்குக் கிளைம் போட்டால் நோ கிளைம் போனஸ் போய்விடும், கணக்குப் பார்த்துப் போடுங்கள். வண்டி கிடைக்கவில்லை என்று போலீஸ் சான்று வர மாதக்கணக்கில் ஆகலாம். வண்டி லோனில் இருந்தால் வரும் பணம் முதலில் பேங்குக்குத்தான் போகும். அதுவரை இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள்.