வல்லத்தை விற்கும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்: இதயத்துக்கு ஸ்டெம் செல்

தங்கச்சிமடத்தில் என் தம்பி தன் மீன்பிடி வல்லத்தை விற்க முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தான். மாரடைப்பு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. "ஸ்டெம் செல் ஊசி போட்டால் இதயம் புதிதாக வளருமாம் அக்கா, ஏழு லட்சம்தானாம்" என்று ஒரு தனியார் மருத்துவமனையின் துண்டறிக்கையை நீட்டினான். வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்லைத்தான் ஸ்டெம் செல் என்கிறார்கள். முப்பது ஆண்டு கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். எனக்கே உடனே பதில் வரவில்லை. அதன் பிறகு படித்தும் மருத்துவர்களிடம் கேட்டும் அறிந்ததை எழுதுகிறேன். அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டுக்கு வந்தால் பயன்படட்டும்.

முதலில் இதயத்தை ஸ்கேன் செய்த எக்கோ அறிக்கையை எடுங்கள். அதில் இ.எஃப். என்று ஓர் எண் இருக்கும். இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்பதன் கணக்கு அது. 55க்கு மேல் இருந்தால் இயல்பு. தம்பிக்கு 30. பெரிய மாரடைப்பில் நூறு கோடி தசைச் செல்கள் வரை செத்துப்போகலாம். இதயத் தசை தானாகப் புதுப்பித்துக்கொள்வதோ இளவயதிலேயே ஆண்டுக்கு ஒரு சதவீதம்தான். முதுமையில் அதில் பாதிகூட இல்லை. ஆகவே செத்த இடத்தில் தழும்பு விழுகிறது. வலைக்கண் அறுந்த இடத்தில் சாக்கை வைத்துத் தைத்தால் ஓட்டை அடைபடும், ஆனால் அது வலையாகாது. தழும்பும் அப்படித்தான், சுருங்கி விரியாது.

அடுத்து, "எந்தச் செல்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் எலும்பு மஜ்ஜைச் செல் என்பார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதைச் சோதித்து வருகிறார்கள். செலுத்தியதில் பெரும்பகுதி சில நாட்களிலேயே இதயத்தில் இல்லாமல் போகிறது. புதுத் தசை முளைப்பதில்லை. அவை சுரக்கும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கலாம், ரத்தக்குழாய் வளர உதவலாம் என்பதே இன்றைய நம்பிக்கை. மஜ்ஜையிலிருந்து வளர்த்த ஒருவகைச் செல்லை வைத்து 565 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. இதயச் செயலிழப்பால் மீண்டும் மீண்டும் மருத்துவமனையில் சேர்வது அதில் குறையவில்லை. மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்தன என்பது மட்டும் ஆறுதல்.

எனக்கு உண்மையான நம்பிக்கை தருவது வேறொன்று. 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா, சாதாரணச் செல்லை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய கருநிலைக்குத் திருப்பிக் காட்டினார். அந்த வழியில் உருவாக்கிய இதயத் தசைப் படலத்தை ஜப்பானின் ஒசாகாவில் 2020இல் ஒரு நோயாளியின் இதயத்தில் ஒட்டினார்கள். ஜெர்மனியின் கோட்டிங்கன் குழு ஒரு பெண்ணுக்கு வைத்த தசைத் துண்டு, மூன்று மாதம் கழித்து மாற்று இதயம் பொருத்தியபோது எடுத்துப் பார்த்ததில் உயிரோடு இருந்தது. 2025இல் அதை வெளியிட்டார்கள். படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்தும், கட்டி வளரும் அச்சமும் இன்னும் தீரவில்லை. நம் நாட்டில் இது ஆய்வுதான், விலை போட்டு விற்கும் சிகிச்சை அல்ல.

ஆகவே கடைசிக் கேள்வி: "இது ஆய்வா? அப்படியானால் சி.டி.ஆர்.ஐ. பதிவெண் என்ன?" இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடுதான் சி.டி.ஆர்.ஐ. ரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் கொடுக்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு நெறிமுறை. முறையான ஆய்வில் சோதனை மருந்துக்கு உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். ஒப்புதல் படிவத்தை உங்களுக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். ஆய்வால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. நான் அந்த மருத்துவமனையிடம் தொலைபேசியில் பதிவெண் கேட்டதும், "அதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா, முன்பணம் கட்டுங்கள்" என்றார்கள். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

இதற்கிடையில் கையில் இருக்கும் மருந்தை விடாதீர்கள். தம்பி இரண்டு மாத்திரைகளைத் தானாகவே நிறுத்தியிருந்தான். காலையில் சிறுநீர் கழித்தவுடன் எடை பார்த்து நோட்டில் எழுத வைத்தேன். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் கோர்க்கிறது என்று பொருள், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டியிருந்ததால் சீலாக் கருவாட்டை விடுவதுதான் அவனுக்குப் பெரும்பாடாக இருந்தது. பழையசோற்றுக்குச் சின்ன வெங்காயத்தை உரித்து வைத்தேன், முகத்தைத் திருப்பிக்கொண்டு சாப்பிட்டான்.

ஆறு மாதம் கழித்து எடுத்த எக்கோவில் இ.எஃப். 38. வல்லத்துக்கு வாங்கிய முன்பணத்தை அந்தத் தொலைபேசிப் பேச்சுக்கு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டோம்.